ஒரு சால்வையின் இடப்பெயர்ச்சி

காலை ஐந்தரைக்குச் சுந்தரராஜ் எழுந்தான். விறகடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டான். அது காய்வதற்குள் பல் துலக்கி, முகம் மழித்து, படுக்கையைச் சுருட்டினான். நான்கு துண்டு ரொட்டியும் கடுங்காப்பியும் சாப்பிட்டான். ஸ்வெட்டர் போட்டு மப்ளர் சுற்றிக்கொண்டு ஏழரைக்கு வீட்டைப் பூட்டினான். பழப்பண்ணை அலுவலகம் இரண்டு மைல். எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, உள்ளே இருந்ததை அளவுக் குடுவையில் ஊற்றி, கண் மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்தான். 2.1 மில்லிமீட்டர். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். பி.எஸ்ஸி. முதல் வகுப்பில் தேறியவனிடம் அரசாங்கம் எதிர்பார்த்த வேலையில் முக்கால்வாசி அதோடு முடிந்தது.

அது 1984 பிப்ரவரி, ஒரு திங்கட்கிழமை. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு சபைப் போதகரான ஐயரைப் பார்க்கக் கிளம்பினான். பைக்குள் ஒரு பச்சைக் கம்பளிச் சால்வை இருந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவன் மனைவி கண்மணி கொடைக்கானலில் சபைப் பெண்கள் விடுதியின் உதவி வார்டனாக இருந்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வயது இருபத்தொன்று. அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து வந்த மிஷன் பெட்டியில் ஆறு சால்வைகள் இருந்தன. ஐந்து, ஆசிரியைகளுக்கு. ஆறாவது, பச்சை, வருட முடிவில் நன்னடத்தைப் பரிசு பெறப்போகும் மாணவிக்கு. அந்த நன்னடத்தைப் பரிசை யாரோ எடுத்துவிட்டார்கள். சாமான் அறைச் சாவி விடுதி ஆயா ஞானம்மாவின் இடுப்பில் இருந்தது. ஞானம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவள். வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சபையின் ஒழுங்குக் கமிட்டி கூடி விசாரித்தது. பால்பவுடர் எடுக்க உதவி வார்டன் அம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன் என்றாள் ஞானம்மா. கண்மணியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இல்லை என்றாள் கண்மணி. ஒரே சொல். விசாரணை முடிந்தது.

அந்தக் காலத்தில் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் செய்தவர் ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று செய்தேன் என்று அறிக்கையிட வேண்டும். அறிக்கையிட்டால் மூன்று மாதத்தில் திருவிருந்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஞானம்மா எழுந்து நின்றாள். அறிக்கையிடவில்லை. அப்போதிருந்த ஐயர் பீடத்துக்கு முன்னால் வந்து சபைப் பதிவேட்டிலிருந்து வாசித்தார்: ஞானம்மா, விடுதி ஆயா, களவு, திருவிருந்து நிறுத்தம். வேலையும் அதோடு போயிற்று. அன்றிலிருந்து அவள் கோயிலுக்கு வருகிறாள், கடைசி பெஞ்சில் உட்காருகிறாள், மற்றவர்கள் அப்பத்துக்கும் ரசத்துக்கும் எழுந்து போகும்போது உட்கார்ந்தே இருக்கிறாள். எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று மாதத்தில் அவளும் எழுந்து போயிருக்கலாம். சொல்லவில்லை.

போன வருடம் மதுரை ஆஸ்பத்திரியில், சாகக் கிடந்த வாரத்தில், கண்மணி இதைச் சுந்தரராஜிடம் சொன்னாள். சால்வை டிரங்குப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது என்றாள். குளிருக்கு எடுத்தது, திருப்பி வைப்பதற்குள் தேட ஆரம்பித்துவிட்டார்கள், ஒருநாள்கூடப் போர்த்தவில்லை. தன்னால் இனி எழுந்து நின்று அறிக்கையிட முடியாது, நீங்கள் போய் நில்லுங்கள், அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள் என்றாள். சரி என்றான். செப்டம்பரில் அவளைப் புதைத்தார்கள். மலையில் அன்று 41 மில்லிமீட்டர். பெட்டியைத் திறக்க அவனுக்கு ஐந்து மாதம் ஆயிற்று.

திறந்த மறுநாள், அதாவது முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து வட்டக்கானலுக்கு இறங்கிப் போனான். ஞானம்மா அங்கே ஒரு வரிசை வீட்டின் கோடி அறையில் இருந்தாள். அதை அவள் லயம் என்றுதான் சொல்வாள். மலைக்கு வந்து தங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் துணி துவைத்துப் பிழைப்பு. கொடி முழுக்க நீலக் கால்சட்டைகள். சுந்தரராஜ் நின்றபடியே சொன்னான், நோட்டில் எழுதுவதுபோல, ஒன்றையும் கூட்டாமல். பிறகு சால்வையை எடுத்துக் காட்டினான். அவள் அதைத் தொடவில்லை.

"ஒம்போது வருசம் தம்பி," என்றாள். "மொத வருசமே சொல்லியிருந்தா எம்மக ஆடலூர்ல ரெண்டாந்தாரமா போயிருக்க மாட்டா. கள்ளி பொண்ணுன்னு ஒருத்தனும் கேட்டு வரல்ல."

அவன் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"ஒங்க பொஞ்சாதி சாவுக்கு வந்தேன். மண்ணு அள்ளிப் போட்டேன். எடுத்ததும் அவங்கதான்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்."

கண்மணி மன்னிப்புக் கேட்கச் சொன்னாள் என்றான். அதைப் பிறகு பார்க்கலாம் என்பதுபோல ஞானம்மா கையை அசைத்தாள். அவளுக்கு வேண்டியது வேறு.

"களவுன்னு வாசிச்சாரே, அதே எடத்துல நின்னு எடுக்கலன்னு வாசிப்பாங்களா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுச் சொல்கிறேன் என்றான். ஒரு வரி அடிக்க வேண்டும், ஒரு வரி வாசிக்க வேண்டும். அரைநாள் விடுப்பு போதும் என்று நினைத்தான்.

சபைக்கு இப்போது வந்திருந்த குருபாதம் ஐயர் நல்ல மனிதர். யார் என்ன துக்கத்தோடு வந்தாலும் முதலில் பிஸ்கட் கொடுப்பார். சுந்தரராஜுக்கும் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனவர்களைப் பற்றி எதற்குத் தம்பி இப்போது என்றார். இருக்கிறவளைப் பற்றித்தான் ஐயரே என்றான் இவன். ஐயர் இன்னொரு பிஸ்கட்டை நகர்த்தி வைத்தார். பதிவேடு தன்னிடம் இல்லை என்றார். நெறி விளக்க மையத்துக்கு மறுவாசிப்புக்குப் போயிருக்கிறது. ஒழுங்குக் கமிட்டி என்று இப்போது எதுவும் கிடையாது. அது உரையாடல் கமிட்டி ஆகிவிட்டது. உறுப்பினர்கள் யார் என்று கேட்டான். அதே ஆட்கள்தான் என்றார் ஐயர்.

திரும்பும்போது கோயிலுக்குள் நுழைந்து வந்தான். பீடத்துக்கு இடப்பக்கச் சுவரில் வேதத்தின் பத்துக் கட்டளைகள் எழுதிய மரப்பலகை இருந்த இடத்தில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. பலகை வர்ணம் அடிக்கப் போயிருப்பதாக மணியடிக்கும் கோயில்பிள்ளை சொன்னார். போய் இரண்டு வருடம் ஆகிறது. கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கி ஓடியது.

நெறி விளக்க மையம் ஏரிக்கு மேலே ஒரு பழைய மிஷனரி பங்களாவில் நடந்தது. அதை நிறுவியவர் டாக்டர் பொன்னுச்சாமி. வெளிநாட்டில் மூன்று வருடம் நெறியைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். போகும்போது அவரிடம் ஒரு நெறிதான் இருந்தது, திரும்பும்போது பல நெறிகளோடு வந்தார் என்று சபையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

முன்னறையில் டைப் அடிக்கும் வடிவு ஒரு படிவத்தைக் கொடுத்தாள். 'நிகழ்வு' என்ற இடத்தில் சுந்தரராஜ் 'களவு, பொய்' என்று எழுதினான். வடிவு எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"அதெல்லாம் போடக்கூடாதுங்க சார். டைரக்டர் திருப்பி அனுப்பிருவாரு."

இழுப்பறையிலிருந்து ஒரு சொற்பட்டியலை எடுத்து வைத்தாள். இடப்பக்கம் பழைய சொல், வலப்பக்கம் புதிய சொல். களவு: பொருள் இடம்பெயர்தல். பொய்: மாற்றுக் கூற்று. குடி: மாலைநேரத் தேடல். விபசாரம் என்பதற்கு எதிரே இரண்டு வரி இருந்தது, அவள் அதைக் கையால் மறைத்துக்கொண்டாள். பாவம் என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை. அது இன்னும் கமிட்டியில் இருக்கிறது என்றாள்.

"'சால்வை இடம்பெயர்ந்தது'ன்னு போடுங்க சார். வெரசா முடிஞ்சிரும்."

"தானாவா?"

"யாரு எவருன்னு வேண்டாங்க. அது பாட்டுக்குப் பெயரட்டும்."

அவள் தலைக்கு மேலே சுவரில் ஓர் அட்டை தொங்கியது. விருந்தினர் அறைக் கம்பளிகளை எடுத்துச் செல்வோர் போலீசில் ஒப்படைக்கப்படுவர் என்று எழுதியிருந்தது. சுந்தரராஜ் அதைக் காட்டினான். வடிவு திரும்பிப் பார்த்துவிட்டு, அது நிர்வாகம், இது நெறி என்று பொறுமையாக விளக்கினாள்.

மார்ச் கடைசியில் உரையாடல் கமிட்டி கூடியது. வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். தலைமை என்று யாரும் இருக்கக்கூடாது என்பதற்காக வட்டம். டாக்டர் பொன்னுச்சாமியின் நாற்காலிக்கு மட்டும் கை இருந்தது. அவருக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அமிர்தவல்லி அம்மாள், பெண்கள் சங்கத் தலைவி. பழைய ஒழுங்குக் கமிட்டியிலும் அவர்தான் இருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஞானம்மாவின் தகரப்பெட்டியைத் தன் கையால் கவிழ்த்துக் கொட்டிச் சோதித்தவர். பெட்டியில் சால்வை இல்லாததைக் கண்டு, விற்றுவிட்டாள் என்று சொன்னவரும் அவரே. எதிரே குருபாதம் ஐயர், மடியில் கைகளை வைத்துக்கொண்டு. வடிவு குறிப்பெடுத்தாள்.

சுந்தரராஜ் சால்வையை நடுவில் வைத்தான். நான்கு வாக்கியத்தில் சொன்னான். பதிவேட்டில் இருக்கும் வரியை அடித்து, ஞானம்மா எடுக்கவில்லை என்று பீடத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றான்.

டாக்டர் பொன்னுச்சாமி கண்களை மூடித் திறந்தார். "யார் எடுத்தாங்கங்கிறது பழைய காலத்துக் கேள்வி, மிஸ்டர் சுந்தரராஜ். எடுத்தப்போ அவங்க என்ன உணர்ந்தாங்க? அங்கதான் நம்ம டயலாக் ஆரம்பிக்குது."

"ஞானம்மா எடுக்கல. எடுக்காதவங்க என்ன உணர முடியும்?"

"பாத்தீங்களா, உடனே முடிவுக்கு வந்துட்டீங்க."

பிறகு அவர் அரைமணி நேரம் பேசினார். உண்மை என்பது மலை ஏரி மாதிரி, படகுத்துறையிலிருந்து பார்த்தால் ஒன்று, மேல் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒன்று என்றார். மேல் ரோட்டில் நிற்பவரைப் படகுத்துறைக்காரர் குறை சொல்லலாமா என்று கேட்டு, கூடாது என்று அவரே பதிலும் சொன்னார். எங்கிருந்து பார்த்தாலும் ஏரிக்குள் இருப்பது ஒரே தண்ணீர்தானே என்று சுந்தரராஜ் கேட்டான். தான் தினம் மழை அளப்பதைச் சொன்னான். குடுவையை மேலிருந்து பார்த்தால் ஓர் அளவு தெரியும், கீழிருந்து பார்த்தால் ஓர் அளவு தெரியும். அதற்காகத்தான் கண் மட்டத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பெய்த மழை ஒன்றுதான்.

டாக்டர் பொன்னுச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினார். அடுத்த மாதம் வந்த மையத்தின் துண்டுப்பிரசுரத்தில், மழையை அளப்பவன்கூட ஒவ்வொரு கோணத்திலும் ஒவ்வோர் அளவைக் காண்கிறான் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே அவன் பெயரும் இருந்தது.

அமிர்தவல்லி அம்மாள் சால்வையைக் கையில் எடுத்து நெசவைத் தடவிப் பார்த்தார். நல்ல கம்பளி என்றார். தாங்கள் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தில் நடந்துகொண்டதாகவும், இன்றைக்கு வந்திருக்கும் வெளிச்சம் வேறு என்றும் சொன்னார்.

"இப்ப நாங்க யாரையும் தீர்ப்பு சொல்றதில்ல தம்பி. எங்களையும் சேத்துத்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஞானம்மா மேலகூட எனக்கு ஒண்ணுமில்ல. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்," என்றார்.

"எதுக்கு?"

"எடுத்ததுக்கு."

"எடுக்கலையே."

"அது உங்க பார்வை."

கண்மணி சாவியைப் பற்றிச் சொன்ன 'இல்லை' அந்த அறையில் எங்கேயோ தொலைந்துபோயிற்று. சுந்தரராஜ் இரண்டு தரம் அதை எடுத்து வைத்தான். இரண்டு தரமும் அவர்கள் சால்வைக்குத் திரும்பினார்கள். கண்மணி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள் என்று சொல்லிப் பார்த்தான். அது தேவையே இல்லை, அவர் அவருடைய பயணத்தைச் செய்தார் என்றார் டாக்டர். மன்னிப்பதற்கு முதலில் ஒரு குற்றம் வேண்டும். மையத்தில் அது கையிருப்பில் இல்லை. ஞானம்மாவின் பெயரில் மட்டும் ஒன்று இருப்பு வைத்திருந்தார்கள்.

கடைசியில் பதிவேட்டைக் கேட்டான். அந்த ஒரு வரி. டாக்டர் பொன்னுச்சாமியின் முகம் முதல்முறையாக இறுகியது.

"அது வரலாற்று ஆவணம். நூறு வருசத்து ரெக்கார்டு. அதுல கை வைக்கிறது தப்பு."

வடிவு எழுதுவதை நிறுத்தினாள். சொற்பட்டியலை எடுத்து இடப்பக்கம் தேடினாள். ஐயர் தொண்டையைச் செருமினார். டீ வந்தது.

தீர்மானம் இது: ஞானம்மா எடுத்தார் என்பது சபையின் உண்மை, கண்மணி எடுத்தார் என்பது கண்மணியின் உண்மை, எடுக்கவில்லை என்பது ஞானம்மாவின் உண்மை, மூன்றையும் கனப்படுத்துகிறோம். ஏகமனதாக நிறைவேறியது. சுந்தரராஜ் அதை வட்டக்கானலுக்கு எடுத்துப் போய் வாசித்துக் காட்டினான்.

"மூணுல எத வாசிப்பாங்களாம்?" என்று கேட்டாள் ஞானம்மா.

இன்னும் முடிவாகவில்லை என்றான்.

மே மாதம் பருவக் கருத்தரங்கு வந்தது. சென்னை, பெங்களூர், பாளையங்கோட்டை என்று நாற்பது பேர் கழுத்தில் கேமராவோடு வந்து இறங்கினார்கள். பகலில் நெறி, மாலையில் படகு. இந்த வருடத் தலைப்பு 'சால்வை: பல பார்வைகள்'. ஞானம்மாவையும் அழைத்து வாருங்கள் என்று மையத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். வாசிக்கப் போகிறார்கள் என்று அவள் நினைத்தாள். அவனும்தான். வெள்ளனே எழுந்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, வட்டக்கானலிலிருந்து ஏற்றம் முழுக்க நடந்து வந்திருந்தாள்.

வாசலில் வடிவு சங்கடத்தோடு நின்றாள். நடித்துப் பார்த்து உணரும் பயிற்சி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஞானம்மா வேடம் ஏற்கெனவே சென்னைக் கல்லூரிப் பேராசிரியை ஒருவருக்குப் போய்விட்டது. இவர்கள் வேண்டுமானால் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். ஞானம்மா வழக்கம்போலக் கடைசி வரிசைக்குப் போனாள்.

பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குச் சால்வையின் வேடம். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு ஸ்டூலில் குந்தியிருந்தார். தன்னை யார் எடுத்தார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள், தான் யாரிடம் போக விரும்பினேன் என்று ஒருவரும் கேட்கவில்லையே என்று நாத்தழுதழுக்கச் சொன்னார். முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு பேராசிரியை வந்தார். சிவப்புப் பட்டுச்சேலை, தலையில் ஆயா என்று காட்ட ஒரு முக்காடு. நாலு பக்கமும் பார்த்தார். தலைமையாசிரியரின் தோளிலிருந்து சால்வையை மெல்ல உருவி முந்தானைக்குள் செருகினார்.

ஞானம்மா சுந்தரராஜின் பக்கம் சாய்ந்தாள். "தம்பி, அந்தம்மா யாரு?"

"நீங்கதான்."

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எடுக்குதே," என்றாள்.

குழுக்கள் பிரிந்து போய் விவாதித்து அறிக்கையோடு வந்தன. நன்னடத்தைக்குப் பரிசு வைத்ததுதான் எல்லாவற்றுக்கும் மூல காரணம் என்று ஒரு குழு கண்டுபிடித்தது. சுந்தரராஜின் பேச்சில் சரி, தவறு என்ற பிரிவினை ஆழமாக இருப்பதாகவும், மனைவியை இழந்த துக்கத்தில் அவருக்கு அப்படித் தோன்றலாம் என்றும், மையம் அவருக்கு ஆலோசனை வழங்க வேண்டும் என்றும் இன்னொரு குழு பரிந்துரைத்தது. அவனுக்கு வியாழக்கிழமைகளில் நேரம் ஒதுக்கினார்கள். போகவில்லை. சால்வையைக் கேட்டான். அது இப்போது கற்பிக்கும் சாதனம் ஆகிவிட்டது என்றார் டாக்டர் பொன்னுச்சாமி. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். ஆக, பொருள் இன்னொரு முறை இடம்பெயர்ந்தது.

ஜூலை முதல் ஞாயிறு ஒப்புரவு ஞாயிறு என்று அறிவித்தார்கள். 1950 முதல் திருவிருந்திலிருந்து நிறுத்தப்பட்ட எல்லாரையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்வது. பதிவேட்டிலிருந்து முப்பத்தேழு பெயர் எடுத்தார்கள். அதில் இருபத்திரண்டு பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சப் பதினைந்தில் கோயில் தோட்டத்துத் தைல மரங்களை வெட்டி லாரியேற்றியவர் இருந்தார். மனைவியின் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு அக்காளைக் கைவிட்டவர் இருந்தார். அக்காள் வலப்பக்க பெஞ்சிலும் தங்கச்சி இடப்பக்க பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தார்கள். குடித்துவிட்டு மனைவியின் கையை முறித்தவர் இருந்தார். எல்லாருக்கும் ஒரே அச்சில் சான்றிதழ், பெயருக்கும் வருடத்துக்கும் மட்டும் புள்ளிக்கோடு விட்டு. முறித்தவரும் எடுக்காதவளும் ஒரே வரிசையில் நின்றார்கள். இதைவிடச் சமத்துவம் எங்கே கிடைக்கும் என்றார் டாக்டர் பொன்னுச்சாமி தன் உரையில்.

சான்றிதழுக்கு முன்னால் பகிர்வு நேரம் வைத்திருந்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். நேரம் முடிந்தால் மணி அடிக்கும். முதலில் ஒருவர் தன் மூட்டுவலியைப் பகிர்ந்துகொண்டார். கைதட்டினார்கள். அடுத்தவர் மருமகள் தனக்கு மரியாதை தருவதில்லை என்றார். கைதட்டினார்கள். சுந்தரராஜ் எழுந்தான். முன்னால் போய், பீடத்துக்கு எதிரே, ஒன்பது வருடத்துக்கு முன்னால் அன்றைய ஐயர் நின்றதாகச் சொல்லப்படும் இடத்தில் நின்றான். கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொன்னான்.

"ஞானம்மா சால்வையை எடுக்கல. என் மனைவி கண்மணி எடுத்தா. சாவி வாங்கலன்னு பொய் சொன்னா. அவளுக்காக நான் இங்க நின்னு அறிக்கை பண்றேன்."

கோயில் ஒரு மூச்சு நேரம் நிசப்தமாக இருந்தது. அந்த ஒரு மூச்சு நேரம், நடந்துவிட்டது என்று அவன் நினைத்தான்.

டாக்டர் பொன்னுச்சாமி கைதட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அமிர்தவல்லி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உங்கள் உணர்வைத் தைரியமாகப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்று டாக்டர் ஒலிபெருக்கியில் சொன்னார். மரம் வெட்டியவர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அவனுக்கு இன்னும் ஒன்றரை நிமிடம் மிச்சம் இருந்தது. அடுத்தவர் வந்து தன் தூக்கமின்மையைப் பற்றி ஆரம்பித்தார்.

ஞானம்மாவின் பெயரைக் குருபாதம் ஐயர் கூப்பிட்டார். அவள் கடைசி பெஞ்சிலிருந்து நடந்து வந்து இரண்டு கையாலும் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். ஐயர் ஏதோ சொல்ல வாய் திறந்தார். டாக்டரைப் பார்த்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார். எல்லாம் முடிந்ததும் திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் வரலாம் என்று அறிவித்தார்கள். கை முறித்தவர் முதல் ஆளாக முழங்கால் போட்டார். ஞானம்மா எழுந்தாள். பீடத்தின் பக்கம் போகாமல், செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலுக்குப் போனாள். சுந்தரராஜ் பின்னாலேயே போனான்.

அவளை அன்று வாசலில் பார்த்ததுதான் கடைசி. அந்த வாரமே அவள் வட்டக்கானல் அறையைக் காலி செய்துவிட்டு மகளிடம் ஆடலூருக்கு பஸ் ஏறிவிட்டாள். அக்டோபர் மழையில் காப்பிக்காடு முழுக்கக் காய்ச்சல் என்றார்கள். அவளுக்கும் வந்தது. மகள் போட்ட கார்டு சுந்தரராஜுக்குக் கிடைத்தபோது புதைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கவில்லையா என்று அவன் எழுதிக் கேட்டான். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று பதில் வந்தது.

டிசம்பரில் மையத்தின் ஆண்டறிக்கை வந்தது. வடிவு ஒரு பிரதியை அலுவலகத்துக்கே கொண்டுவந்து கொடுத்தாள். டைரக்டர் சொல்லச் சொல்ல அடித்தது, தன் மேல் வருத்தப்பட வேண்டாம் என்றாள். பதினான்காம் பக்கத்தில் ஞானம்மா சான்றிதழ் வாங்கும் படம் இருந்தது. படத்துக்குக் கீழே, இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த சகோதரி ஞானம்மா, ஒப்புரவு ஞாயிறன்று ஆனந்தக் கண்ணீரோடு, 'என் பாரம் இறங்கிற்று' என்று கூறியதை மறக்க முடியாது என்று அச்சிட்டிருந்தார்கள்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. பாரம் என்றால் அவளுக்குத் தேயிலைக் கொழுந்துக்கூடை. வேறு எதற்கும் அந்தச் சொல்லை அவள் வாயில் சுந்தரராஜ் கேட்டதில்லை. அவள் அழவும் இல்லை. அந்த ஞாயிறு கோயில் வாசல்படியில் நின்று, காகிதத்தை அவனிடம் நீட்டி, வாசிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது. அவன் கொஞ்சம் சத்தமாகவே வாசித்தான். '1975ஆம் ஆண்டில் தாங்கள் செய்த செயலைச் சபை முழுமனதுடன் புரிந்துகொள்கிறது. எவ்விதத் தீர்ப்புமின்றித் தங்களை ஏற்றுக்கொள்கிறது.' இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தான். அவள் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"எடுக்கலன்னு இதுல எங்கயாச்சும் போட்டிருக்கா, தம்பி?" என்று கேட்டாள்.